கிள்ளான் ஐஸ் கம்பெனியில் மாப்பிள்ளை பார்த்தது

எனக்குக் கோவையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் தபால் கார்டுகள்தாம். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நினைவுக்கு வந்து, முதலில் சொன்னது மறந்துபோகும். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், என் சாமர்த்தியம் அல்ல காரணம். மலாய் நாட்டில் பார்த்ததை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பின்னாக இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. என் தம்பியின் மகள் ரஞ்சிதம், தாயில்லாத பெண், என் மடியில் வளர்ந்தவள். அவளுக்குக் கிள்ளான் என்ற ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் தங்கவேலு. ஐஸ் கம்பெனியில் எந்திரம் பார்க்கிற பிட்டர். போய்ப் பார்த்து முடிவு சொல்ல வேண்டிய என் தம்பிக்கு முழங்கால் வீங்கி, வாசலுக்கு வரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று. "அக்கா, நீதான் போய் வரணும்" என்றான்.

தாலியறுத்தவள் மாப்பிள்ளை பார்க்கப் போவதா என்று தெருவில் பேச்சு வந்தது. ஐஸ் கம்பெனியில் விஷவாயு இருக்கிறதாம், ஒரு மூச்சில் ஆளைக் கொன்றுவிடுமாம் என்று இன்னொரு பேச்சும் வந்தது. முதல் பேச்சு என்னைப் பற்றியது, தள்ளிவிட்டேன். இரண்டாவது பேச்சு நெஞ்சில் முள்ளாக நின்றது. இருபத்தைந்து வயதில் புருஷனைக் கொடுத்தவள் நான். அந்த வாழ்வு ரஞ்சிதத்துக்கும் வரக்கூடாது. புறப்படுகிற அன்று அவள் என் மூட்டையைக் கட்டிக்கொண்டே, "அத்தை, நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டாம்" என்றாள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் கப்பல் ஏறினேன்.

கப்பலில் பட்டதையும், இறங்கியதும் தொற்றுநோய்க்குப் பயந்து எங்களைக் கொட்டகையில் காவல் வைத்ததையும் எழுதப் போவதில்லை. மலாய்க்குப் போய்வந்த எல்லோரும் அதைச் சொல்லியாயிற்று.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்கிற பேட்டையில் என் அக்காள் மகள் தனம் இருக்கிறாள். அவள் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. வீடு ரயில்வே கொடுத்தது. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், எல்லா வாசலிலும் நம் ஜனங்கள். கோலம் போடுகிறவளும் யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசுகிறவளும் மாதா படம் மாட்டியவளும் ஒரே குழாயடியில் நின்று சண்டை போடுகிறார்கள். சண்டை எனக்கு முழுக்கப் புரிந்தது. அதுவே ஒரு ஆறுதலாக இருந்தது.

காலையில் தனம் காப்பி கொடுத்தாள். கெட்டியாக, பாகு போலத் தித்தித்தது. "பசுமாடு எங்கேடி கட்டியிருக்கே?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டு மாடு இந்த டின்னுக்குள்ளதான் இருக்கு சித்தி. புல்லு வேணாம், சாணி போடாது. தொறந்தா பால்."

அந்த டின் பாலில் போட்ட காப்பிக்கு எனக்கு நாக்கு பழகவில்லை. ஆனால் கங்கோங் என்று ஒரு கீரையை இறால் விழுதோடு தாளித்துப் போட்டாள். மோப்பம் பிடித்தபோது முகத்தைச் சுளித்தேன், சாப்பிட்டபோது இரண்டாம் தடவை கேட்டேன். அங்கே தினமும் சாயங்காலம் மழை. ஆற்றில் குளித்துவிட்டு வந்தது போல ஊரே ஈரமாக நிற்கிறது. நம் ஊரில் மழைக்காகக் காத்திருப்போம். அங்கே துணி காய்வதற்காகக் காத்திருக்கிறார்கள்.

அன்று மாலை தெருவில் ஒரு சீனர் ஐஸ் உருண்டை விற்றுக்கொண்டு வந்தார். தச்சனுடைய இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு பலகை. ஐஸ் கட்டியை அதன்மேல் தேய்த்தால் கீழே பூப்பூவாக விழுகிறது. அதை உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றிக் கையில் கொடுத்தார். என் ஆயுசில் ஐஸைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. சுட்டுவிட்டது போலக் கையை உதறினேன். குளிரும் சுடும் என்று அதுவரை தெரியாது. குழாயடியில் இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடி, இவங்க ஐஸ் மாப்பிள்ளை பாக்க வந்தவங்க" என்று தனம் சத்தம் போட்டாள். எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் நானும் தனமும் கிள்ளானுக்கு ரயில் ஏறினோம். கிள்ளானில் தனத்தின் நாத்தனார் வீட்டில் தங்க ஏற்பாடு. வண்டியில் எதிரே காய்கறிக் கூடைகளோடு சீனப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிள்ளான் வந்ததும் தனம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். நான் எழுந்தேன். கூடைகளுக்கு நடுவே வழியில்லை. "கொஞ்சம் நகருங்கம்மா" என்று தமிழில் சொல்லியிருந்தால்கூட அவர்களுக்கு என் முகத்தைப் பார்த்துப் புரிந்திருக்கும். வாய் வரவில்லை. கூடையை ஒதுக்கக் கை நீட்டினேன், கூச்சம் வந்து மடக்கிக்கொண்டேன். வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தனம் "சித்தி! சித்தி!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்ததைப் பார்த்தேன். நான் அவளுக்குக் கை கூப்பினேன். எதற்காகக் கூப்பினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கப்பல் வந்து நிற்கிற துறைமுகம் வரை போய்விட்டேன். அங்கே ஸ்டேஷனில் ஒரு மலாய்க்காரர், வயதானவர், என்னைப் பார்த்ததும் பெஞ்சைக் காட்டி, "அம்மா, உக்காரு. பயம் இல்லே. தம்பி வரும், அண்ணன் வரும், யாரோ வரும்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். பிறகு வாழையிலையில் சுற்றிய சோறு கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நான் கூச்சப்படுவேன் என்று தெரிந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. அவர் திரும்பியிருந்ததால் முழுக்கச் சாப்பிட்டேன். அடுத்த வண்டியில் தனம் வந்து இறங்கி, என்னைத் திட்டுவதற்கு முன்னால் இலையைப் பார்த்தாள். "ஓ, விருந்தா?" என்றாள்.

ஐஸ் கம்பெனி ஆற்றங்கரையில் இருந்தது. முதலாளி சீனர். அங்கே முதலாளியைத் தவுக்கே என்கிறார்கள். வேலையாட்களில் பாதிப்பேர் தமிழர்கள். தங்கவேலு வாசலுக்கு வந்து நின்றார். கறுத்த மெலிந்த உடம்பு, காக்கிக் கால்சட்டை, கையெல்லாம் எண்ணெய். என்னைப் பார்த்ததும் கும்பிடுவதா, கையைத் துடைப்பதா என்று தெரியாமல், எண்ணெய்க் கையோடு கும்பிட்டு நெற்றியைக் கறுப்பாக்கிக்கொண்டார்.

தம்பி என்னிடம் கேட்கச் சொல்லி அனுப்பிய கேள்விகள் நிறைய. சம்பளம் என்ன, குடிப்பழக்கம் உண்டா, பங்காளிகள் யார் யார். ஒன்றும் வாயில் வரவில்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தனந்தான், "இப்படியே நின்னா ரெண்டு பேரும் ஐஸாயிடுவீங்க. தம்பி, எந்திரத்தைக் காட்டுங்க" என்றாள்.

எந்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அந்தப் பிள்ளையின் கூச்சம் போய்விட்டது. எனக்கும் போய்விட்டது. எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

அமோனியா என்று ஒரு வாயு. அதை எந்திரம் அமுக்குகிறது. அமுக்கினால் சூடாகிறது. முற்றத்தில் சட்டம் கட்டிக் குழாய்களை மடித்து மடித்து வைத்து, மேலிருந்து தண்ணீர் வழிய விட்டிருக்கிறார்கள். அமுங்கின வாயு அந்தக் குழாய்க்குள் ஓடிக் குளிர்ந்து தண்ணீராகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத காற்று தண்ணீராகிறது என்றால் நம்ப முடிகிறதா? அந்தத் தண்ணீரைச் சின்னத் துவாரம் வழியாக விட்டால் மறுபடி வாயுவாகிறது. அப்படி ஆகும்போது சுற்றிலும் இருக்கிற சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. சுற்றிலும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்கள். அந்த டப்பாத் தண்ணீர்தான் ஐஸ்.

"மண்பானைத் தண்ணி குளிர்ற மாதிரியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தங்கவேலுவின் முகம் மலர்ந்தது. "அதேதாம்மா! பானையில ஈரம் ஆவியாப் போகுது, குளிர்ச்சிய விட்டுட்டுப் போகுது. இங்க அமோனியா ஆவியாப் போகுது. ஆனா பானையில போன ஈரம் போனதுதான். இதுல போனதைப் பிடிச்சு, அமுக்கி, மறுபடி தண்ணியாக்கிடுறோம்."

வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒரு மூடியை லேசாகத் திறந்து முகரக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் அது எனக்குத் தெரிந்த வாசனை! தலைவலிக்கு நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் தேய்த்து முகர்வோமே, அதே நெடி. வண்டி வண்டியாக நவச்சாரத்தைக் கொட்டித் தேய்த்தது போல. விஷவாயு என்று தெருவில் சொன்னது இதைத்தானா என்று ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. துளி நெடிக்கே இப்படி என்றால் குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்று இன்னொரு பக்கம் பயமும் வந்தது.

முற்றம் முழுக்கப் புது மணல். முன்பு கண்டல் காட்டுச் சேறாக இருந்த இடமாம். ஈயச் சுரங்கத்தில் கழுவித் தள்ளிய மணலை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். எந்திரத்துக்கு அடியில் மட்டும் கண்டல் மரக் கம்பங்களை ஆழமாக அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். எந்திரம் ஓடும்போது முற்றத்தில் நின்றால் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. "குழாய்ச் சட்டத்துக்கும் கம்பம் அடிக்கணும்னு சொல்லிட்டிருக்கேன். தவுக்கே அடுத்த மாசம், அடுத்த மாசம்கிறாரு" என்றார் தங்கவேலு.

மறுநாள் ஆயுத பூஜை. ஐஸ் எந்திரம் ராப்பகலாக ஓடுவது. மீன் படகுகளும் ஆஸ்பத்திரியும் ஐஸுக்குக் காத்திருக்கும். ஆனால் நம் ஆட்கள் அன்று எந்திரத்துக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றுவிட்டார்கள். தங்கவேலு முந்தின நாட்களிலேயே கூடுதலாக ஐஸ் பிடித்து அடுக்கி வைத்துவிட்டு, அரை நாள் நிறுத்தத் தவுக்கேயிடம் சம்மதம் வாங்கியிருந்தார். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனது பூஜைக்காக அல்ல. நேற்று எந்திரத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. இன்றாவது பார்த்து மனசில் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றுதான் போனேன்.

முற்றத்தில் சின்னப் பந்தல். சரஸ்வதி படம், பொரி, கடலை, சுத்தியல், ஸ்பேனர் எல்லாம் அடுக்கியிருந்தது. எந்திரத்துக்கு எண்ணெய் போடுகிற முனியாண்டி என்பவர்தான் அன்றைக்குப் பூசாரி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய பக்தி. ஒரு சட்டி நிறையச் சந்தனம் கரைத்து வைத்துக்கொண்டு, பார்த்த பொருளுக்கெல்லாம் அப்பினார். எந்திரத்துக்கு, தொட்டிக்கு, கதவுக்கு, ஐஸ் தூக்குகிற கொக்கிக்கு. சுவரில் கடிகாரம் போல வட்டக் கண்ணாடிகள் இருந்தன. உள்ளே முள் ஆடும், குழாய்க்குள் வாயு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று காட்டும். கேஜ் என்று பெயராம். முனியாண்டி அந்தக் கண்ணாடிகளுக்கும் தோசை அகலத்துக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டார்.

"அண்ணே, கண்ணாடியில வேணாம்ணே. ஓரத்துல வையுங்க" என்றார் தங்கவேலு.

"எந்திரத்துக்குக் கண்ணே அதான்டா. கண்ணுக்குப் பொட்டு வெக்காம காலுக்கா வெப்பாங்க?"

"கண்ணை மூடிட்டீங்களே அண்ணே."

"தூங்கட்டும்டா. இன்னிக்கு லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். எந்திரத்தை நிறுத்தினார்கள். அந்த இரைச்சல் நின்றதும் ஆற்று ஓசையும் காக்கைச் சத்தமும் கேட்டன. தவுக்கே தன் பங்குக்கு ஊதுபத்திக் கட்டு ஒன்றைக் கொளுத்தி, எந்திரத்தைப் பார்த்து மும்முறை தலை குனிந்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி வாங்க எல்லோரும் எந்திரக் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றோம்.

அப்போதுதான் எனக்குத் தலை சுற்றுவது போல இருந்தது. தனத்தின் தோளைப் பிடித்தேன். அவள் என் தோளைப் பிடித்தாள். மேலே தொங்கின விளக்கு ஊஞ்சல் போல ஆடியது. தொட்டியில் உப்புத் தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்த் தளும்பிக் கொட்டியது. யாரோ மலாயில் கத்தினார்கள். பூமி ஆடுகிறது என்று தனம் என் காதில் சொன்னாள்.

ஆட்டம் பலமானது அல்ல. வீடு ஒன்றும் விழவில்லை. ஆனால் முற்றம்! என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். காய்ந்து கிடந்த மணலில் அங்கங்கே ஈரப் புள்ளிகள் தோன்றின. அவை கொப்பளித்தன. கஞ்சி கொதிக்கிறபோது குமிழ் வெடிக்குமே, அப்படி மணலும் தண்ணீரும் துப்பிச் சின்னச் சின்னப் புற்றுகள் எழுந்தன. ஓரத்தில் நின்ற ஐஸ் வண்டியின் சக்கரம் அச்சு வரை இறங்கியது. பந்தற்கால் சாய்ந்தது.

"அம்மா தாயே!" என்று கத்திக்கொண்டு முனியாண்டி சரஸ்வதி படத்தை எடுக்க முற்றத்துக்குள் பாய்ந்தார். படத்தை எடுத்துவிட்டார். திரும்ப இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் தொடை வரை உள்ளே போய்விட்டார். படத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "டேய், என்னடா தரை கூழாயிடுச்சு!" என்று அலறினார்.

அதே சமயத்தில் குழாய்ச் சட்டம் மெல்லச் சாய்ந்தது. அடியில் கம்பம் இல்லாத சட்டம். ஒரு மூட்டில் சீழ்க்கை அடித்தது போலச் சத்தம் வந்து, வெள்ளைப் புகை பீறிட்டது. நவச்சார நெடி கண்ணைப் பிடுங்கியது.

எல்லோரும் தங்கவேலுவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் ஓடவில்லை. நின்றார். நின்று புகையைப் பார்த்தார். முனியாண்டியைப் பார்த்தார். மறுபடி புகையைப் பார்த்தார். ஒரு கண்ணிமை நேரந்தான் இருக்கும், எனக்கு அது ஒரு யுகமாகத் தெரிந்தது. பிறகு முனியாண்டி இருந்த பக்கம் போகாமல், கொட்டகைக்குப் பின்பக்கம் திரும்பி மறைந்துவிட்டார்.

"அடப்பாவி! ஆள் முழுகுறான், இவன் எங்க ஓடுறான்?" என்று தனம் மார்பில் அடித்துக்கொண்டாள். ரஞ்சிதத்தின் முகம் மனதில் வந்தது. நல்லவேளை, இந்த மட்டில் தெரிந்துகொண்டோம், ஊருக்குத் திரும்பி வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தபோதே ஏனோ வருத்தமாகவும் இருந்தது.

தவுக்கே என்னென்னவோ கத்தினார். நாங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். புகை ஆற்றுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, முனியாண்டி பக்கம் வரவில்லை. ஆனால் காற்று எந்த நிமிஷமும் திரும்பலாம் அல்லவா?

கொட்டகையின் பின்கதவு வழியாகத் தங்கவேலு எந்திரத்தடியில் நுழைவதைப் பார்த்தேன். நனைந்த சாக்கைத் தலையோடு போர்த்தி, நனைந்த துண்டை மூக்கில் கட்டியிருந்தார். ஒரு சக்கரம் போன்ற மூடியைப் பிடித்துத் திருகினார். இன்னொன்றைத் திருகினார். பிறகு வாயு அடங்கியதா என்று தெரிந்துகொள்ளச் சுவரிலிருந்த கேஜைப் பார்த்தார். பார்த்தால், சந்தனப் பொட்டு! காய்ந்து ஓடாகியிருந்தது. உள்ளங்கையால் தேய்த்தார், போகவில்லை. கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். குங்குமமும் சந்தனமும் கையெல்லாம் வழிய, அந்தக் கண்ணாடியில் ஒரு ஓட்டை உண்டாக்கி, முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு முள் இறங்குகிற வரைக்கும் நின்றார். அவர் நின்ற அந்த நேரம் முழுக்க நானும் மூச்சு விடவில்லை. வெளியே சீழ்க்கைச் சத்தம் மெலிந்தது. நின்றது.

வெளியே வந்தவர் சாக்கை எறிந்துவிட்டு, "பலகை! பலகை கொண்டாங்க!" என்றார். ஐஸ் கட்டிகளைச் சறுக்கிவிடுகிற நீளப் பலகைகள் இருந்தன. அவற்றை முற்றத்தின் மேல் போட்டார். "அண்ணே, காலை உதறாதீங்க! அசையாம நில்லுங்க!"

"நிக்கிறேனாம்! வேற என்னடா பண்ணிட்டிருக்கேன்!"

ஆட்டம் நின்றதும் அந்தக் கூழ் மறுபடி இறுகிவிட்டிருந்தது. முனியாண்டியின் கால்களைச் சுண்ணாம்புக் காரை போலப் பிடித்துக்கொண்டது. பலகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு தங்கவேலு, குழாய்ச் சட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற மேல்தொட்டியிலிருந்து ரப்பர்க் குழாயை இழுத்து, முனியாண்டியின் தொடையை ஒட்டி மணலுக்குள் செருகித் தண்ணீர் விட்டார். பலகையின் முனை எம்பியது. "யாராச்சும் அந்தப் பக்கம் உக்காருங்க, கனமா உக்காருங்க!"

பக்கத்தில் இருந்தது நாங்கள்தாம். தனம் உட்கார்ந்தாள். தவுக்கே உட்கார்ந்தார். போதவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். கிள்ளானில், ஐஸ் கம்பெனி முற்றத்தில், முன்பின் தெரியாத சீன முதலாளியின் பக்கத்தில், ஒரே பலகையில்! என் ஊரார் பார்த்திருக்க வேண்டும். தவுக்கே மரியாதையாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து, மலாயில் ஏதோ சொன்னார். "பாட்டி நல்ல கனம், ரொம்ப நன்றிங்கிறாரு" என்று தனம் தமிழாக்கினாள்.

தண்ணீர் போகப் போக மணல் இளகியது. ஒரு கால் வந்தது. மறு கால் வந்தது. முனியாண்டி பலகையில் ஊர்ந்து கரையேறினார். வேட்டி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. சரஸ்வதி படத்தை இடுப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "யாரும் பாக்காதீங்கடா" என்றார். பார்க்காதவர்கள் யார்! அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் திரும்பிக்கொண்டேன்.

பிறகு தவுக்கே வீட்டிலிருந்து எல்லோருக்கும் கறுப்புத் தேநீர் வந்தது. தங்கவேலு இடுப்பு வரை சேறும் கை முழுக்கச் சந்தனமுமாக, கண் சிவந்து என் முன்னால் வந்து நின்றார்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

"போச்சு போங்க. எங்க சித்தி நாளைக்கே கப்பல் ஏறிடுவாங்க" என்றாள் தனம். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது.

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லம்மா. என் வேலை இதுதான். தினமும் இப்படி ஆகாது. ஆகவே ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன். நீங்க பாத்துட்டீங்க. என்ன முடிவு சொன்னாலும் சரிதான்."

தம்பி சொல்லியனுப்பிய கேள்விகள் அத்தனையும் அப்போது நினைவுக்கு வந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. "புகை வந்ததும் ஏன் உடனே ஓடாமே நின்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்காம ஓடினா, நானும் விழுவேன். என்னைத் தூக்க இன்னொருத்தர் வரணும், அவரும் விழுவாரு. காத்து ஆத்துப் பக்கம் அடிச்சுது. அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் இருந்துச்சு. வாயுவை மூடாம அவரைத் தூக்கப் போயிருந்தா, காத்து திரும்பினா ரெண்டு பேரும் அங்கேயேதாம்மா."

"தரை எப்படித் தண்ணியாச்சு?"

"தரை தண்ணியாகலம்மா. மணல் ஒண்ணு மேல ஒண்ணு கை கொடுத்துட்டு நிக்குது. இடுக்குல எல்லாம் தண்ணி. உலுக்கினா கையை விட்டுடுது. அப்போ மேல இருக்கிற பாரமெல்லாம் தண்ணி மேல போகுது. தண்ணி எப்படித் தாங்கும்? புது மண்ணு, ஆத்துல வேற நீரேத்தம். பூமி ஆடினது இங்க இல்லம்மா, கடலுக்கு அந்தாண்ட சுமத்திராவுல. நமக்கு வந்தது அதோட வால்தான்."

எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. அந்த வாயுவை நெருக்கிப் பிடித்தால் தண்ணீராகிறது, இந்த மணல் பிடியை விட்டால் தண்ணீராகிறது என்ற மட்டில் மனதில் பதிந்தது. ஆனால் அவர் சொன்ன முதல் பதில் முழுக்கப் புரிந்தது. என் புருஷன் வெள்ளத்தில் ஒரு கன்றுக்குட்டியைக் காப்பாற்றக் குதித்தவர். கன்று கரையேறியது. ஊரே அவரைத் துணிச்சல்காரர் என்று புகழ்ந்தது. அந்தப் புகழை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். நின்று பார்த்துவிட்டுப் போகிற ஒருவரை, போய்விட்டுத் திரும்பி வருகிற ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

தம்பிக்குக் கடிதம் போட்டுக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை, அதுவும் நான், வாக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனாலும் அந்த முற்றத்தில், அத்தனை ஆம்பிள்ளைகளுக்கு நடுவில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன்:

"தை மாசத்துல முகூர்த்தம் பாக்கச் சொல்றேன். பொண்ணு பேரு ரஞ்சிதம். உங்களை மாதிரிதான், அவளும் முதல்ல பேச மாட்டா."

முனியாண்டி யாருடைய வேட்டியையோ கட்டிக்கொண்டு ஓடி வந்து, மீதமிருந்த சந்தனத்தை எடுத்து எல்லோருக்கும் பூசினார். தவுக்கேக்கும் பூசினார். எனக்குப் பூச வந்து, நான் விதவை என்று நினைவு வந்து தயங்கி நின்றார். நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் வைத்தார்.

குழாய்ச் சட்டத்துக்குக் கம்பம் அடிக்க மறுவாரமே ஆட்கள் வந்துவிட்டதாகத் தனம் பிறகு எழுதியிருந்தாள். நான் அதற்குள் கப்பல் ஏறிவிட்டேன். வழியில் என் பக்கத்தில் படுத்திருந்த அம்மாள் எதற்காக மலாய் போய் வருகிறேன் என்று கேட்டாள். கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். மேல்தளத்தில் இருந்தவர்கள்கூட வந்து கேட்டார்கள். காற்றைத் தண்ணீராக்கி, தண்ணீரைக் கல்லாக்குகிற வேலையை நம் பிள்ளைகள் செய்கிறார்கள் என்று சொன்னபோது எனக்குக் கூச்சமே இல்லை.

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே வாயு, குழாய், கேஜ் பற்றி நான் எழுதியதில் எங்கே தப்பு, எது முன்னால், எது பின்னால் என்று எனக்கு நிச்சயமில்லை. அச்சுப் போடுவதற்கு முன்னால் இதைக் கிள்ளானுக்கு என் மாப்பிள்ளைக்கு அனுப்பி, எந்திர விவரங்களைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அவர் வெட்கப்பட்டு அடித்துவிடுவார். அதை மட்டும் ஏற்க வேண்டாம்.